சாம்பலில் புரட்டிய விதை

மகள் மழைக்காட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முதலில் வந்த கவலை யானை. அடுத்தது பாம்பு. மூன்றாவதாக வந்ததுதான் ரொம்ப நாள் தங்கியது. ஓயாத அந்த மழையில் இவள் துணி எப்படிக் காயும்? ஈரத்துணியை உடுத்திக்கொண்டு சளி பிடித்துக் கிடப்பாளே என்று ஜாக்கெட் தைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மெஷின் ஒரு பக்கம் ஓடும், மனசு ஒரு பக்கம் ஓடும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யானையை விரட்டவாவது அங்கே ஆள் வைத்திருப்பார்கள், ஈரத்தை யார் விரட்டுவார்கள்?

எங்களுக்குத் திருத்தணி. புடவையின் ஒரு முனையைக் கொடியில் போட்டு மறு முனையை இழுத்து விடுவதற்குள் முதல் முனை காய்ந்துவிடும். மிளகாய், வடகம், நெல், வேர்க்கடலை என்று மொட்டை மாடியில் எப்போதும் ஏதாவது ஒன்று காய்ந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக்காரருக்கு கே.ஜி.கண்டிகை பக்கம் கொஞ்சம் நிலம். மழை வந்தால் கடலை, வராவிட்டால் கேழ்வரகு. வீட்டில் இருக்கும்போது அவர் வாயில் அதிகம் வருகிற வார்த்தை "காஞ்சிச்சா?" என்பதுதான்.

மகள் வேலை செய்வது மேற்கே, மலைமேல், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு நர்சரியில். இங்கே நர்சரி என்றால் ரோஜா, மல்லி, ஒட்டு மாங்கன்று. அங்கே யாரும் காசு கொடுத்து வாங்காத காட்டுச் செடிகளைப் பையில் வளர்த்து, காடு அழிந்த இடத்தில் கொண்டுபோய் நடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற என் தம்பிக்கு இது புரியவே இல்லை.

"காட்டுல போயி செடி நடறதுக்கா அக்கா காலேஜுக்கு அனுப்பிச்சே? கடலுக்குப் போயி உப்பு வித்த கதையால்ல கீது" என்றான்.

"உப்பு இல்லாத கடல் மாமா அது" என்றாள் மகள்.

வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு சித்திரையில் போனேன். அரக்கோணத்தில் ரயில் ஏறி, கோயம்புத்தூரில் இறங்கி, பஸ் மாறி மலை ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் "முருகா" என்றேன். பக்கத்து சீட்டுப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பாதி மலை இருக்குங்க, கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கங்க" என்றாள்.

தேயிலை முடிகிற இடத்தில் காடு சுவர் மாதிரி நின்றது. கோடை மழை அப்போதுதான் விட்டிருந்தது. குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால் அங்கே மட்டும் இன்னும் பெய்துகொண்டிருந்தது. மழை இல்லையாம். மேலே இருக்கிற இலைகள் தங்களுக்குப் போக மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறதாம். பகலிலேயே விளக்கு வைக்கலாம் போல இருந்தது. தரை என்று ஒன்று கண்ணில் படவில்லை. இலைமேல் இலை, அதன்மேல் இலை, கால் வைத்தால் அழுந்தியது. நனைந்த கோணிக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு வாசனை. அட்டை ஏறாமல் இருக்க மகள் என் காலுக்கு முட்டிவரை உறை கட்டியிருந்தாள். அப்படியும் குனிந்து குனிந்து காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"யம்மா, தலைய தூக்கு" என்றாள்.

தூக்கினேன். ஓடைக்கரையில் ஒரு பாறையை ஒட்டி, என்னைவிடக் கொஞ்சம் உயரமாக ஒரு செடி. இலையெல்லாம் மேலே இருந்தது. கீழே வெறும் கிளை. பூ அந்த வெறும் கிளையில்தான் பூத்திருந்தது. துணிக்குப் போடுகிற நீலப்பொடியை ஈரக் கிளையில் கை நிறைய அள்ளி அப்பின மாதிரி, கணுவுக்குக் கணு நீலம். அந்த இருட்டில் அது மட்டும் தனியாக வெளிச்சம் வைத்திருந்தது.

"இன்னா பேரு இதுக்கு?"

"ஊர்ப்பேர் கெடையாதும்மா. புஸ்தகத்துல ஒரு பேர் கீது." சொன்னாள். காட்டை விட்டு வெளியே வருவதற்குள் அது எனக்கு மறந்துவிட்டது. "நம்ம மலைக்குப் பின்னால பொதரா காசாஞ்செடி கீதில்ல? அதுக்கு இது பெரியம்மா பொண்ணு."

காசாஞ்செடி எனக்குத் தெரியும். எங்கள் மலைச்சரிவில் கல்லோடு கல்லாக, வெயிலில் வெந்துகொண்டு நிற்கும். அதுவும் நீலமாகத்தான் பூக்கும். அதற்கு இப்படி ஒரு ஒன்றுவிட்ட அக்கா, இத்தனை தூரத்தில், வெயிலே படாமல் வாழ்ந்துகொண்டிருப்பது எனக்கு என்னவோ செய்தது.

என் கை தானாகப் பூவுக்குப் போனது. திருத்தணிக்காரி கை அப்படித்தான். எந்தப் பூவைப் பார்த்தாலும் அதைச் சாமி கழுத்தில் பார்த்துவிடுவோம். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமிக்குன்னு சொல்லாதே. சாமி இங்கயே நின்னு பார்த்துகினுதான் கீறாரு."

இந்த ஓடைக்கரையிலும் எதிர்ச்சரிவிலும் இருக்கிற சில செடிகளைத் தவிர இதை வேறு எங்கும் அவர்கள் பார்த்ததில்லை. ஓடை, நிழல், எந்நேரமும் ஈரம், இது மூன்றும் சேர்ந்திருந்தால்தான் வாழுமாம். காட்டை வெட்டித் தேயிலை வைத்ததில் அப்படிப்பட்ட இடங்கள் கிழிசல் துணி போல ஆகிவிட்டன. பூப்பது பூக்கிறது, பிஞ்சு நிற்பதில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பிஞ்சு நிற்குமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பேசும்போது அவள் குரல் இறங்கியிருந்தது. பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவது போல.

நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்தக் கவலையும் என்னோடு பஸ் ஏறிக்கொண்டது.

அந்த வருஷ ஆடிக்கிருத்திகைக்கு மகள் வந்தாள். எங்கள் குடும்பத்தில் அன்றைக்குப் புஷ்பக் காவடி எடுக்கிற வழக்கம் உண்டு, அதற்கு மட்டும் அவள் தவறுவதில்லை. ஊரே மஞ்சள் துணியும் பூவுமாக, நடக்க இடமில்லாமல் இருந்தது. தம்பி ஆட்டோவில் கூட்டி வந்தான். துணிப் பை ஆட்டோவில் பின்னால் கிடந்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காய் நின்னுடுச்சும்மா!" இறங்குவதற்கு முன்பே சொன்னாள். மூடியில் ஓட்டைகள் போட்டிருந்தாள். உள்ளே ஈரப் பாசி, அதற்கு நடுவில் கறுத்த ஊதா நிறத்தில் நாவல்பழத்துக் குட்டிகள் மாதிரி பழங்கள். பழுத்து விழ ஆரம்பித்த அன்றைக்குத்தான் அவள் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கூட வேலை செய்யும் பெண் பிரசவத்துக்குப் போயிருந்ததால் அங்கே விதைக்க ஆள் இல்லை. குருவி தின்றது போக மிச்சம் இவ்வளவுதான், திரும்பிப் போன கையோடு விதைத்துவிடுவேன் என்றாள்.

"நிழல்ல வெச்சிடு. யாரும் தொடாதீங்க. நைனா, உங்ககிட்டயும்தான் சொல்றேன்."

"ஆங், ஆங்" என்றார் அவள் அப்பா, காவடிக்குப் பூ கட்டிக்கொண்டே.

காலையில் படி ஏறிக் காவடி செலுத்திவிட்டு வந்தோம். மத்தியானம் அவளுக்குக் குளிர ஆரம்பித்தது. ஆடி வெயிலில் போர்வை கேட்டாள். தொட்டால் கை சுட்டது. வழக்கமாக இல்லாததற்கெல்லாம் பயப்படுகிற எனக்கு, நிஜமாக ஒன்று வந்ததும் கைகால் ஓடவில்லை. தம்பிதான் கூட்டத்தில் ஆட்டோவை நுழைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ரத்தத்தில் தட்டணு குறைந்திருக்கிறது, படுத்துத்தான் ஆக வேண்டும் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். காய்ச்சல் வேகத்திலும் அவள் கேட்டது டப்பாவைத்தான்.

"நிழல்லதான் கீது. நீ தூங்கு" என்றேன்.

கஞ்சி எடுத்து வர மறுநாள் காலை வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏ, இத்த பாரு. விதைய எவனாவது தண்ணியில ஊற வெச்சி மூடி வெப்பானா? பூசணம் புடிச்சிகினு கீது."

எட்டிப் பார்த்தேன். பழத்தின் மேல் வெள்ளையாக நூல் ஓடியிருந்தது.

"தொடாதன்னு சொன்னாளே…"

"தொடாம வுட்டா நாறிப்பூடும். படுத்துகினு கீற பொண்ணு எழுந்து வந்து, நாறிப்போனதப் பார்த்தா அழுவாதா? நா சுத்தம் பண்ணி காய வெச்சிக் குடுக்கறேன். நா பார்க்காத விதையா?"

அது பொய்யில்லை. அவர் எடுத்து வைத்த விதை பொய்த்ததில்லை என்று அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். அவரைக்காயோ சுரைக்காயோ, சதையைக் கழுவி, வெந்நீர் அடுப்புச் சாம்பலில் புரட்டி, கோணியில் பரப்பி, வெயிலும் காற்றும் காட்டி எடுப்பார். எடுக்கும்போது ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார். 'கடக்' என்று உடைந்தால் சரி. நசுங்கினால் திரும்பவும் வெயிலுக்குப் போகும். அவர் அப்பா கடித்ததும் அப்படித்தான். மகள் படிப்புக்குச் செலவழித்த கடலையெல்லாம் அப்படிக் காய்ந்த விதையிலிருந்து வந்ததுதான்.

அவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. மகள் பேச்சைத் தட்டவும் பயம். மாடியில் பரப்பினால் கோயில் குரங்கு வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று இன்னொரு பயம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க எனக்கு எப்போதுமே மனசு வராது. அவர் சாம்பல் எடுக்கப் பின்பக்கம் போனபோது ஒரு பிடி பழத்தை, பூசணமும் பாசியுமாக, லைனிங் துணித் துண்டில் சுற்றினேன். குளிக்கிற இடத்தில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வைத்து, பழைய பேசின் ஒன்றைக் கவிழ்த்தேன். தொடக் கூடாது என்றாளே, தொடாமல் கொஞ்சமாவது இருக்கட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். கஞ்சியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

காய்ச்சல் இறங்கி, தட்டணு ஏறி, அவளை வீட்டுக்கு அனுப்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தம்பிதான் அழைத்து வந்தான். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், "டப்பா எங்கம்மா?" என்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் இதற்காகவே காத்திருந்தவர் போல உள்ளே போய், வேட்டித் துணியில் முடிந்த ஒரு முடிச்சைக் கொண்டு வந்தார். அவிழ்த்தார். சாம்பல் பூசி, ஒரே மாதிரி, சுத்தமாக இருந்தன விதைகள்.

"ஒண்ணுகூட சொத்தை கெடையாது" என்று ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்தார். கடக். "கேட்டுச்சா?"

மகள் அந்தச் சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நைனா…"

"இன்னாம்மா?"

"இது காஞ்சா செத்துடும் நைனா."

அவர் சிரித்தார். காய்ச்சலில் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார்.

"நம்மூரு விதை எல்லாம் மழைக்காகத் தூங்கிகினு காத்திருக்கும். அங்க மழை நின்னாதானே காத்திருக்கறதுக்கு? இது வுழுந்த எடத்துலயே, ஈரத்துலயே மொளைச்சிடும். இதுக்குத் தூங்கத் தெரியாது." கோபமாகக்கூடக் கத்தவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "நான்தான் சொல்லியிருக்கணும். தொடாதன்னு சொன்னேன், ஏன்னு சொல்லல."

அவர் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவளிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார். "காய வெச்சா சாவற விதை எங்கயாச்சும் கீதா?"

எனக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. யார்மேல் கோபப்படுவது? மகள் அழக் கூடாது என்று இரண்டு நாள் மாடியில் குடை பிடித்துக்கொண்டு குரங்கு விரட்டிய மனுஷன் அவர். தம்பி நிலைமையைச் சரிசெய்ய நினைத்து அவரைப் பார்த்து, "பாவா, கல்கண்டுன்னு நெனச்சி கடிச்சிகினு கீற போல" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

பேசின் ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது என்று சொல்ல மாட்டேன். மறந்திருந்தால்தானே ஞாபகம் வருவதற்கு? ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அது என் மண்டைக்குள் கவிழ்ந்துதான் இருந்தது. சொல்லத்தான் பயம். தூக்கிப் பார்த்து எல்லாம் அழுகியிருந்தால், ஒருமுறை செத்ததை அவளுக்கு நான் இரண்டாம் முறையும் சாகடித்துக் காட்டின மாதிரி ஆகும். அதனால் யாரிடமும் சொல்லாமல் பின்பக்கம் போனேன்.

பேசினைத் தூக்கினேன். நாற்றம் முகத்தில் அடித்தது. துணி கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. பிரித்தால் பழமெல்லாம் கூழ். ஒன்றைத் தொட்டேன், நசுங்கிவிட்டது. இன்னொன்று, அதுவும். முருகா என்றுகூட வாயில் வரவில்லை. அப்புறம் ஒன்று நசுங்கவில்லை. புரட்டினேன். அடிப்பக்கத்தில் ஊசி முனை மாதிரி வெள்ளையாக ஒன்று வெளியே வந்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. பாசிக்கு அடியில் இன்னும் சில.

உள்ளே வந்து சொன்னேன். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, கோர்வையாகச் சொல்லியிருக்க மாட்டேன். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து துவைக்கிற கல் ஓரம் குந்தினாள். வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"யாரும்மா இங்க வெச்சது?"

"நான்தான். பயத்துல."

"இன்னா பயம்?"

"எல்லாம்தான்" என்றேன். அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீரோடு, ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து முதல் தடவையாக.

அவள் பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேர் விட்ட விதை அவளுக்காகக் காத்திருக்காது. அதனால் அந்த மழைக்காட்டுச் செடியைத் திருத்தணியில், ஆடிக் காற்றில், எங்கள் குளியலறை ஓரத்தில் வளர்ப்பது என்று ஆனது.

அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு கேட்டார். "நா ஒண்ணு செய்யலாமா?"

"செய்ங்க நைனா."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நிலத்து வரப்பில் நிற்கிற புங்கமரத்தடியிலிருந்து மக்கின இலையை மூட்டையாகக் கொண்டு வந்தார். தென்னங்கீற்றில் பந்தல் போட்டு, சுற்றிலும் கோணியைத் தொங்கவிட்டு நனைத்தார். தெரிந்த வேலைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நிறுத்திக் கேட்டார். "இம்மாம் தண்ணி போதுமா? மேல மூடலாமா? விரலு படலாமா?" அறுவடை, விதைப்பு எதிலும் யாரையும் கேட்காத மனுஷன். மகளும் அலுக்காமல் பதில் சொன்னாள்.

சோப்புத் தண்ணீர் படக் கூடாது என்று எங்கள் இரண்டு பேரையும் முன்பக்கத் தொட்டியில் குளிக்கச் சொல்லிவிட்டு, அவர் நிலத்துப் போர்வெல்லில் குளித்துவிட்டு வந்தார். துணியும் முன்பக்கத்தில்தான் துவைத்தேன். தம்பி பார்த்துவிட்டு, "மாலை போட்டவன்கூட இம்மாம் விரதம் இருக்க மாட்டான் பாவா. செருப்பு போட்டுகினு உள்ள வரலாமா, இல்ல வெளியவே வுட்டுடணுமா?" என்றான். இந்த முறை அவரும் சிரித்தார்.

எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மெஷினில் உட்கார்வேன், எழுந்து போய்க் கோணி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். குரங்குக்கு வலை கட்டினோம். எலிக்கு என்ன கட்டுவது? சிலது அழுகியது, ஒன்றிரண்டு தலை தூக்கிக் கருகியது. நின்றவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். இரண்டிரண்டு இலை, எண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று.

மழை பிடித்து ஊர் குளிர்ந்த ஐப்பசியில் மகள் அவற்றோடு கிளம்பினாள். டப்பா போய் இப்போது பெட்டி. அவர் அரக்கோணம்வரை கூடப் போய், ரயிலில் சீட்டுக்கு அடியில் வைக்க விடாமல் அவள் மடியில் வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

அவர் ரயிலுக்குப் போயிருந்தபோது, பந்தலைப் பிரிக்கலாம் என்று பின்பக்கம் போனேன். கீற்று நிழல் முடிகிற இடத்தில், தொங்கவிட்ட கோணிக்கு அந்தப் பக்கம், செங்கல் வரிசை ஒன்று கட்டி, அதற்குள் மண் கருப்பாக நனைந்திருந்தது. அங்கே எதையும் நாங்கள் வைத்ததில்லை. ஒரு ஓரத்தில் கிளறிப் பார்த்தேன். சாம்பல் நிற விதை. எல்லாம் வரிசையாக, பக்குவமாக, ஒரே ஆழத்தில் ஊன்றியிருந்தது.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன். "இது மொளைக்காதுன்னு சொன்னாளே."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குத் தண்ணி ஊத்திகினு கீற?"

"காய வெச்சது நா. ஊத்தறதுக்கு இன்னா?" என்றார். பிறகு, எனக்குச் சொல்வதா தனக்கே சொல்வதா என்று தெரியாமல், "பொண்ணுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

மகள் அவற்றை ஓடைக்கரையில் நட்டிருக்கிறாள். பூக்க வருஷங்கள் ஆகுமாம். யானை மிதித்தால்? ஓடை கரையை அரித்தால்? அடுத்த கோடை நீண்டால்? என் கவலைக்கு இப்போது வேரும் இலையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் காட்டுவாள். சொட்டுகிற சத்தம் கேட்கும், பாறை தெரியும், அதன் ஓரத்தில் அந்தச் சின்ன இலைகள் தெரியும். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன், இளைத்திருக்கிறாளா என்று. அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"ஈரம் கீதா?"

"கீது நைனா. நல்லா கீது."

போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். போனை வைத்ததும், "ஈரம் கீதாம்" என்று என்னிடம் சொன்னார், நான் கேட்காத மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் போனார். அங்கே தொட்டியில் சொம்பு முங்குகிற சத்தம் கேட்டது.